களைத்துப்போன வண்டியோட்டி: ‘ஷோர்கார்லென்’ ப்ளூரே வட்டு

கடலின் மேல் ஒரு குதிரை வண்டி வருகிறது. அதன் சக்கரங்களின் ஊடே அலைகள் புரள்கின்றன; குதிரையின் உடலைத் துளைத்துக்கொண்டு பின்னாலிருக்கும் நீர்ப்பரப்பு தெரிகிறது. கவிழ்ந்த படகு ஒன்றின் அருகே வண்டி நிற்கிறது. முக்காடிட்ட ஒருவன் இறங்கி, படிக்கட்டில் இறங்குபவனைப் போல நிதானமாகக் கடலின் அடிக்குப் போய், அங்கே மூழ்கிக் கிடப்பவனின் உயிரை எடுத்துக்கொண்டு திரும்புகிறான். அவனிடம் வெறியும் இல்லை, அவசரமும் இல்லை. நாள் முழுவதும் மூட்டை சுமந்தவன் கடைசி மூட்டைக்குக் குனிவதைப் போலத்தான் குனிகிறான். திகில் படங்களிலும் கதைகளிலும் சாவின் தூதனை எத்தனையோ வேடங்களில் பார்த்திருக்கிறேன். அவர்களில் என்னை உள்ளபடியே நடுங்க வைத்தவன், நூறாண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட பேசாப் படம் ஒன்றில் வரும் இந்த வண்டியோட்டிதான்.

விக்டர் ஷோஸ்ட்ரோம் இயக்கித் தலைமைப் பாத்திரத்திலும் நடித்த ‘ஷோர்கார்லென்’, 1921 ஜனவரி 1 அன்று சுவீடனில் திரைக்கு வந்தது. வண்டியோட்டி என்பதே அந்தப் பெயரின் பொருள். ஆங்கிலத்தில் ‘தி ஃபேன்டம் கேரேஜ்’ என்று வழங்குகிறது. 1909இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்று, அப்பரிசை வென்ற முதல் பெண் என்ற சிறப்பையும் பெற்ற செல்மா லாகர்லோவ், 1912இல் எழுதிய குறுநாவலே படத்தின் மூலம். செப்பனிடப்பட்ட படச்சுருளிலிருந்து உருவாக்கி, இரண்டு தனித்தனி இசைக்கோவைகளுடன் 2011இல் வெளியிட்ட ப்ளூரே வட்டைப் பலமுறை போட்டுப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். சாவைப் பாத்திரமாக்கிய படைப்புகளில் ஈடுபாடு உள்ளவர்கள் வேறெதை வாங்காவிட்டாலும் இந்த ஒரு வட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து; அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கதையின் அச்சாணி ஒரு பழங்கதை. ஆண்டின் கடைசி இரவில், நள்ளிரவு மணி ஒலிக்கும் தறுவாயில் கடைசியாக உயிர்விடுபவன் எவனோ, அவனே அடுத்த ஓராண்டுக்குச் சாவின் வண்டியை ஓட்டி உயிர்களைச் சேகரிக்க வேண்டும். அந்த வேலையில் ஒவ்வோர் இரவும் மண்ணுலகில் நூறாண்டுகள் கழிவதைப் போல நீளும். ஆண்டிறுதி இரவில் இடுகாடு ஒன்றில் அமர்ந்து குடித்துக்கொண்டிருக்கும் டேவிட் ஹோல்ம் (ஷோஸ்ட்ரோம்), முந்தைய ஆண்டு இதே இரவில் இறந்துபோன தன் நண்பன் ஜார்ஜ் சொன்ன கதை என்று இதைத் தன் கூட்டாளிகளுக்குச் சொல்கிறான். சற்று நேரத்தில் அடிதடி மூள்கிறது. மண்டையில் அடி விழுகிறது. மணி பன்னிரண்டு அடிக்கிறது. வண்டி வருகிறது. ஓட்டி வருபவன் ஜார்ஜ்.

இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். சாவுக்கு ஓர் ஆள் உருவம் கொடுத்த மரபுகள் அனைத்தும் முதலில் எதிர்கொண்ட கேள்வி, அந்த ஆள் யாருக்குப் பணிந்தவன் என்பதுதான். நம் மொழியில் இருக்கும் பெயர்களே இதைக் காட்டிவிடும். காலன் என்ற பெயரில் நேரம் இருக்கிறது. கூற்றுவன் என்ற பெயரில் உடலையும் உயிரையும் கூறுபடுத்தும் செயல் இருக்கிறது. தமிழ் விவிலியத்தின் யாத்திராகமத்தில் எகிப்தின் தலைப்பிள்ளைகளைக் கொல்ல வருபவனுக்குச் சங்காரக்காரன் என்று பெயர். வாசல் நிலைக்கால்களில் இரத்தம் பூசிய வீட்டுக்குள் நுழைய அவனுக்கு அனுமதி கிடையாது. குர்ஆனின் 32ஆம் அத்தியாயம் பேசும் மலக்குல் மவுத், மனிதர்களின் உயிரைக் கைப்பற்றப் பொறுப்புச் சாட்டப்பட்ட வானவர். அவருக்கு வழங்கும் இஸ்ராயீல் என்ற பெயர் குர்ஆனில் இல்லை, பிற்கால வழக்கில் வந்தது. இவர்களில் ஒருவரும் தம் விருப்பத்துக்குக் கொல்பவர்கள் அல்லர்; ஏவலை நிறைவேற்றுபவர்கள். திகில் படங்களில் பெரும்பாலானவை தவறவிடும் இடம் இதுதான். ஏவலாளைக் கொலைகாரனாக்கிவிட்டால் அவன் வெறும் வில்லனாகச் சுருங்கிவிடுகிறான். வில்லனைத் தோற்கடிக்க வழியிருக்கும் என்ற நம்பிக்கை பார்ப்பவருக்கு வந்துவிடுகிறது.

ஷோஸ்ட்ரோம் இந்தத் தவற்றைச் செய்யவில்லை. டூரே ஸ்வென்பெரி நடித்திருக்கும் ஜார்ஜுக்கு வண்டி ஓட்டுவதில் துளியும் விருப்பமில்லை. அவன் கையிலிருக்கும் நீண்ட பிடி அரிவாளை ஆயுதமாக ஓங்கி நான் பார்க்கவில்லை. வயலிலிருந்து வீடு திரும்புபவன் கருவியைத் தாங்கி வருவது போலவே தாங்கி வருகிறான். உயிரை அழைக்கும்போது, சிறைப்பட்டவனே, உன் சிறையை விட்டு வெளியே வா என்ற பொருளில் அழைக்கிறான். அந்த அழைப்பில் ஒரு பரிவு இருக்கிறது. அந்தப் பரிவினால்தான் அச்சம் கூடுகிறது. நம்மை வெறுக்காத ஒருவன், நம் மீது இரக்கமும் கொண்ட ஒருவன், ஆனாலும் விட்டுவிட முடியாத ஒருவன் வந்து நிற்கும்போது அவனிடம் எதைச் சொல்லி வாதாடுவது?

படத்தின் உண்மையான கொடூரம் வண்டியில் இல்லை, ஒரு மேலங்கியில் இருக்கிறது. கதை நடக்கும் இரவுக்குச் சரியாக ஓராண்டு முன்னால், ஏழைகளுக்கு உதவும் கிறிஸ்தவ அமைப்பான இரட்சணிய சேனை புதிதாகத் திறந்திருக்கும் விடுதிக்கு டேவிட் வந்து படுக்கிறான். அவனுக்கு ஏற்கெனவே காசநோய். அவன் தூங்கும்போது, ஏடித் என்ற இளம் சகோதரி அவனுடைய அழுக்கேறிய, கிழிந்த மேலங்கியை எடுத்து வைத்துக்கொண்டு இரவு முழுவதும் உட்கார்ந்து தைக்கிறாள். உடனிருப்பவள் நோய் தொற்றிவிடும் என்று எச்சரிக்கிறாள். ஏடித் கேட்பதில்லை. காலையில் டேவிட் எழுந்து அங்கியை வாங்கிப் பார்க்கிறான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவள் போட்ட தையல் ஒவ்வொன்றையும் பிய்த்து எறிகிறான். இந்தக் காட்சியில் பேயும் இல்லை, இரட்டை நிழலும் இல்லை. ஏடித்தாக நடிக்கும் அஸ்ட்ரிட் ஹோல்மின் முகம் மட்டும் இருக்கிறது. ஏடித் கோபப்படுவதில்லை, அடுத்த ஆண்டிறுதியில் மறுபடி வந்து தன்னைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறாள். அந்த நாள் வரும்போது அவள் அதே நோயில் படுத்துக் கிடக்கிறாள்.

காசநோய் துணி வழியாக அல்ல, இருமலில் கிளம்பும் காற்று வழியாகத்தான் பெரும்பாலும் பரவுகிறது என்பதை இன்று அறிவோம். படம் அதையும் விட்டுவிடவில்லை. டேவிட் வாயைப் பொத்திக்கொள்ளாமல், வேண்டுமென்றே அடுத்தவர் முகத்தை நோக்கி இருமுகிறவன். தான் அப்படிச் செய்வதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவன். பெற்ற பிள்ளைகளிடமும் அவன் எச்சரிக்கை காட்டுவதில்லை. ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை 1882இலேயே அடையாளம் கண்டிருந்தாலும், அதைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. ஆகவே 1921இல் திரையரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு அந்த இருமலின் பொருள் விளக்கம் இல்லாமலே புரிந்திருக்கும். காசநோய் பற்றிய விழிப்புணர்வுக்காக எழுதித் தருமாறு கேட்டதிலிருந்து பிறந்த கதை, ஒரு பிரச்சார ஏடாக முடியாமல் இப்படி வளர்ந்தது லாகர்லோவின் ஆற்றலுக்குச் சான்று. உயிரோடிருக்கும் டேவிட், ஏவுவார் யாருமின்றி ஓராண்டாகச் சாவின் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வண்டியோட்டி வந்து சேர்வது அவன் செய்து முடித்ததை அள்ளிப் போகத்தான். இருவரையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்கும்போது, இரக்கம் எவனிடம் இருக்கிறது என்ற கேள்விக்குப் படம் தரும் விடை பார்ப்பவரை நிலைகுலைய வைக்கிறது.

இனி வண்டி எப்படித் தெரிகிறது என்பதைப் பற்றி. ஒளிப்பதிவாளர் யூலியஸ் யேன்சன், ஒரே படச்சுருளை மீண்டும் பின்னோக்கிச் சுற்றி, அதன் மீதே வேறு காட்சியைப் பதிவுசெய்யும் முறையைக் கையாண்டார். சில இடங்களில் ஒன்றன் மேல் ஒன்றாக நான்கு அடுக்குகள் வரை ஏறின. கேமராவைக் கையால் சுழற்றிய காலம் அது. முதல் தடவை சுழற்றிய அதே வேகத்தில் அடுத்த தடவையும் சுழற்ற வேண்டும். நடிகர் நிற்கும் இடமும் பார்வை போகும் திசையும் அணுவளவும் பிசகக் கூடாது. ஓர் அடுக்கு கெட்டாலும் முந்தைய அடுக்குகளும் சேர்ந்தே பாழாகும். இத்தனை இடர்களுக்கு இடையில், டேவிட்டின் உடல் தரையில் கிடக்க, அவனுடைய ஆவி அந்த உடலிலிருந்து எழுந்து உட்காரும் காட்சியை அவர்கள் எடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் வட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கீழே கிடக்கும் கையும் மேலே எழும் கையும் பிரியும் கணத்தில், கல்லறைக் கல்லின் சொரசொரப்பு இரண்டின் ஊடாகவும் தெரிகிறது. கூற்றுவன் என்ற சொல்லின் பொருளை இதைவிடத் துல்லியமாகப் படமாக்க முடியுமா என்று தெரியவில்லை.

வட்டின் படத்தரம் இந்த உழைப்புக்கு நியாயம் செய்கிறது. நிறமேற்றப்பட்ட பிரதி இது. இரவுக் காட்சிகளில் நீலமும், விளக்கெரியும் அறைகளில் மஞ்சளும் பழுப்பும் கலந்த சாயலும் படர்ந்திருக்கின்றன. கீறல்களும் மினுக்கலும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அவற்றை அளவுக்கு மீறித் துடைத்து முகங்களை மெழுகுப் பொம்மைகளாக்காமல் விட்டது சரியான முடிவு. படச்சுருளுக்கே உரிய நுண்துகள்கள் கண்ணுக்குத் தெரியும்போதுதான் வண்டியின் ஒளி ஊடுருவும் தன்மையும் இயல்பாக இருக்கிறது. படத்தை மட்டமான இணையப் பிரதியில் பார்த்தவர்களுக்கு வண்டி வெறும் வெள்ளைப் புகையாகத் தெரிந்திருக்கும். இங்கே அதன் மரச்சட்டங்களையும் சேணத்தின் தொய்வையும் தனித்தனியே பிரித்தறிய முடிகிறது. வண்டி பழுதானது, பராமரிப்பில்லாதது என்ற செய்தி அப்போதுதான் நம்மை வந்தடைகிறது. சாவின் தூதனுக்குக் கிடைத்த வண்டியும் ஏழையின் வண்டிதான்.

அதே 1921இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் ஒரு படம் எடுத்தார். அதன் ஜெர்மன் தலைப்பின் பொருளே ‘களைத்த சாவு’ என்பது. பெர்னார்ட் கோட்ஸ்கே நடித்த அந்தச் சாவு, ஒவ்வொரு மனித உயிருக்கும் ஒரு மெழுகுவத்தி எரியும் மண்டபத்தில் நின்று, தன் வேலை தனக்கே வெறுத்துவிட்டது என்கிறது. ஒரே ஆண்டில், இரு நாடுகளில், இரண்டு சாவுகளும் களைத்துப்போய் வந்து நின்றதை நான் தற்செயல் என்று எண்ணவில்லை. முதல் உலகப் போரும் 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுயன்சா கொள்ளை நோயும் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன; அத்தனை உயிர்களைச் சுமந்தவன் களைத்திருப்பான் என்று அந்தத் தலைமுறைக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இந்த வழியில் வந்தவர்தான் சுவீடன் இயக்குநர் இங்மார் பெரிமன். 1957இல் வெளிவந்த ‘தி செவன்த் சீல்’ படத்தில் வெளுத்த முகத்துடன் சதுரங்கம் ஆடும் சாவை இன்று அறியாதவர்கள் குறைவு. சாவு சதுரங்கம் ஆடும் அந்தக் காட்சிக்கு, சுவீடனின் டேபி தேவாலயக் கூரையில் 15ஆம் நூற்றாண்டில் ஆல்பர்ட்டஸ் பிக்டர் வரைந்த ஓவியம் தூண்டுதலாக இருந்தது. ஆனால் அந்தச் சாவின் நடையிலும் மௌனத்திலும் ஷோஸ்ட்ரோமின் வண்டியோட்டி இருக்கிறான். பெரிமன் ‘ஷோர்கார்லென்’ படத்தை ஆண்டுதோறும் பார்த்து வந்தவர்; அதே 1957இல் ‘வைல்ட் ஸ்டிராபெரீஸ்’ படத்தின் முதிய நாயகனாக ஷோஸ்ட்ரோமையே நடிக்கவும் வைத்தார்.

பிற்காலத் திகில் படங்கள் வேறு திசையில் போயின. 2000இல் தொடங்கிய ‘ஃபைனல் டெஸ்டினேஷன்’ வரிசையில் சாவுக்கு உருவமே இல்லை; ஒரு துளி நீரும் தளர்ந்த திருகாணியும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போய் ஆளைக் கொல்கின்றன. அந்தக் கற்பனையின் நுட்பம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அங்கே சாவு தப்பியவர்களைப் பட்டியல் வைத்துத் துரத்தும் பகையாளியாகிவிடுகிறது. அடுத்து எப்படிச் சாவார்கள் என்ற ஆர்வம் பிறக்கிறதே தவிர, சாவைப் பற்றிய அச்சம் பிறப்பதில்லை. 2008இல் வந்த இரண்டாம் ‘ஹெல்பாய்’ படத்தின் மரணத் தூதன் இதற்கு நல்ல விதிவிலக்கு. அதன் இறக்கைகளில் வரிசையாகக் கண்கள் திறந்து பார்க்கின்றன. மரணத் தூதன் உடல் முழுதும் கண்களாலானவன், உருவிய வாளுடன் நோயாளியின் தலைமாட்டில் நிற்பவன் என்று யூதர்களின் சமய நூலான தல்மூத் சொல்லும் பழைய வருணனையோடு அந்த உருவம் ஒத்துப்போகிறது.

நாவல்களில் இந்தப் பாத்திரத்துக்குத் திரையை விட நல்ல வாழ்வு கிடைத்திருக்கிறது. டெர்ரி பிராட்செட் 1983 முதல் எழுதிய டிஸ்க்வேர்ல்டு என்ற மிகுபுனைவு நூல்களில் வரும் சாவு, பூனைகளை நேசிப்பவன், கொல்வது தன் வேலையில்லை, வந்து அழைத்துப் போவதே தன் வேலை என்பதில் தெளிவானவன். மார்க்கஸ் சூசக் 2005இல் எழுதிய ‘தி புக் தீஃப்’ நாவலில் சாவே கதைசொல்லி. மனிதர்களைப் பார்த்துத் திகைப்பது அதுதான். இவர்களெல்லாம் ஜார்ஜின் உறவினர்கள் என்றே நான் எண்ணுகிறேன்.

படத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நினைவுக்குள் நினைவு, அதற்குள் இன்னொரு கதை என்று காலம் மடிந்து மடிந்து போவதால், முதல் அரைமணி நேரத்தில் எந்த ஆண்டிறுதி இரவில் இருக்கிறோம் என்ற குழப்பம் வரும். இரண்டாம் முறை பார்க்கும்போது அது தானாகத் தெளிகிறது. இறுதிப் பகுதியில் மனமாற்றம் நிகழும் வேகத்தை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. அத்தனை நேரம் அத்தனை கொடுமைகளைக் காட்டிய படம், அதற்கு இன்னும் சில நிமிடங்கள் ஒதுக்கியிருக்கலாம். முடிவை இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் டேவிட்டின் மனைவியாக நடித்த ஹில்டா போரிஸ்ட்ரோமின் கண்கள் அந்த வேகத்தை ஓரளவு ஈடுசெய்கின்றன என்பதைச் சொல்லியாக வேண்டும். அடைத்த கதவை டேவிட் கோடரியால் பிளக்கும் காட்சியில், கதவின் இப்பக்கம் நிற்கும் அவருடைய உடல் படும் பாடு, 1980இல் வந்த ‘தி ஷைனிங்’ படத்தின் புகழ்பெற்ற கோடரிக் காட்சியை உடனே நினைவூட்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பேசாத விமர்சகர்கள் குறைவு. எனக்கு 1921இன் கதவுதான் கனமானதாகத் தோன்றுகிறது, ஏனெனில் உடைப்பவனைப் பேய் எதுவும் பிடித்திருக்கவில்லை.

வட்டிலுள்ள இரண்டு இசைக்கோவைகளும் படத்தை இரண்டு வேறு படங்களாக்குகின்றன. சுவீடன் இசையமைப்பாளர் மட்டி பியே அமைத்தது சிறு குழு வாசிக்கும் மென்மையான இசை. அது ஏடித்தின் பக்கம் நிற்கிறது. மேலங்கிக் காட்சியில் தையலின் பொறுமையோடு இணைந்து போகிறது. ஸ்டீஃபன் ஓ’மேலி, பீட்டர் ரேபெர்க் இருவரும் கேடிஎல் என்ற பெயரில் அமைத்தது, கிட்டாரும் மின்னொலியும் சேர்ந்து நீண்ட ரீங்காரமாக அதிரும் இசை. அது வண்டியின் பக்கம் நிற்கிறது. கடல் காட்சிக்கு அதைவிடப் பொருத்தமான ஒலி வேண்டியதில்லை; ஆனால் வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளில் அது மனிதர்களை நசுக்கிவிடுகிறது. தாயும் பிள்ளைகளும் இருக்கும் அறையில் ஆவியின் அதிர்வு தேவையில்லை. முதல்முறை பார்ப்பவர்கள் பியேயின் இசையோடு பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். கேடிஎல் இசை, கதையை அறிந்துகொண்டு திரும்பி வருபவர்களுக்கானது.

கூடுதல் பகுதிகளில், திரைப்பட வரலாற்றாசிரியர் காஸ்பர் டிப்யேர் வழங்கும் உரை வட்டின் சிறந்த இணைப்பு. காட்சி நகர நகர, நாவலிலிருந்து என்ன மாறியது, ஒவ்வோர் அடுக்குப் பதிவும் எப்படி அமைந்தது என்று நிதானமாக எடுத்துச் சொல்கிறார். ஷோஸ்ட்ரோமைப் பற்றிப் பெரிமன் பேசும் நேர்காணல் பகுதி குறுகியது. ஆனால் ஆசானைப் பற்றி மாணவன் பேசும் குரலில் உள்ள நெகிழ்ச்சிக்காகவே கேட்கலாம். பெரிமன் படங்களில் இப்படத்தின் தடத்தைக் காட்டும் பீட்டர் கோவியின் காட்சிக் கட்டுரை, இரு படங்களின் காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்து நிறுவுவதால், படிப்பதை விடப் பார்ப்பதற்கு உரியது. சுவீடனின் ரோசுண்டா படப்பிடிப்பு நிலையம் கட்டப்படும் பழைய காட்சிகள் ஆர்வலர்களுக்கு மட்டும்.

திடுக்கிட வைக்கும் ஒலிகளையும் இரத்தத்தையும் தேடி வருபவர்களுக்கு இந்த வட்டு ஏமாற்றமாக இருக்கலாம். படம் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. காட்சிகளுக்கு நடுவே வசனம் தாங்கி வரும் இடையெழுத்து அட்டைகளைப் படிக்கும் பொறுமை வேண்டும். அறையை இருட்டாக்கி, இடைவெளி விடாமல், தனியாகப் பார்ப்பது நல்லது. ஜார்ஜ் டேவிட்டுக்குச் சொல்லித் தரும் ஒரு வேண்டுதல் படத்தில் வருகிறது: அறுவடைக்கு முன் என் ஆன்மா முதிர்ந்து பக்குவப்படட்டும் என்பது அதன் பொருள். அந்த அட்டை திரையில் தோன்றும்போது, படம் முழுவதும் அவன் தாங்கி வந்த அரிவாளை மறுபடி ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.